வேர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்: குமரி விளையும் வகுப்பறையும்

நாகர்கோவில் முதல் களியக்காவிளை வரை, எல்லை தாண்டினால் பாறசாலை வரை, ஒரே விளைக்குள் (தோட்டத்துக்குள்) தென்னை, வாழை, மரச்சீனி (மரவள்ளி), நல்லமிளகு (மிளகு), சக்கை (பலா) மரம் எல்லாம் சேர்ந்து நிற்கும். பாடப்புத்தகத்தில் வரும் வேர் வகைகளில் பெரும்பாலானவற்றை இங்கே ஒரு காலை நேரத்தில் நடந்தே பார்த்துவிடலாம். அதனால் மாணவர்கள் கேட்பதற்கும் விவசாயிகள் கேட்பதற்கும் எடுத்துக்காட்டுகளை இங்கிருந்தே எடுத்திருக்கிறோம். செடியின் அடிப்பகுதியை இங்கே பேசுகிற மாதிரியே ‘மூடு’ என்று எழுதுகிறோம்.

மண்ணுக்குள் இருப்பதெல்லாம் வேர்தானே?

இல்லை. இஞ்சி, மஞ்சள், சேனை, சேம்பு, உருளைக்கிழங்கு, சிறுகிழங்கு எல்லாம் மண்ணுக்குள் இருக்கும் தண்டுகள். வாழையின் கிழங்கும் தண்டுதான். நாம் வாழைத்தண்டு என்று சமைப்பது நடுவில் வரும் பூந்தண்டு. இன்னொரு பக்கம், ஆலமரத்தின் விழுதும் நல்லமிளகுக் கொடி மரத்தைப் பிடித்திருக்கும் சிறு நார்களும் வெளியில் இருந்தாலும் வேர்களே.

அடையாளம் காண மூன்று விஷயங்களைப் பாருங்கள். தண்டில் கணு உண்டு, வேரில் கணு கிடையாது. தண்டில் கணுவுக்குக் கணு மொட்டும் செதிலிலையும் வரும். இஞ்சித் துண்டில் வளையம் வளையமாகத் தெரிவது செதிலிலை இருந்த தடம், உருளைக்கிழங்கின் ‘கண்’ ஒரு மொட்டு. மூன்றாவது, வேரின் நுனியில் தொப்பி மாதிரி வேர்மூடி இருக்கும். தண்டு நுனியில் அது இருக்காது.

விதிவிலக்கையும் சொல்லிவிட வேண்டும். சில வேர்கள் மொட்டு விடும். சீனிக்கிழங்கு (சர்க்கரைவள்ளி) வேர்தான், ஆனாலும் முளைக்கும். கறிவேப்பிலை மூட்டைச் சுற்றி வருகிற கன்றுகள் வேரிலிருந்து கிளம்புபவை. சீமைப்பலாவை வேர்த்துண்டு வைத்தே பெருக்குகிறார்கள். இந்த மொட்டுகள் ஒழுங்கான கணுவில் வராமல் அங்கொன்றும் இங்கொன்றுமாக வரும். அதை வைத்துப் பிரித்தறியலாம்.

மரச்சீனிக் கிழங்கு எதில் சேரும்?

அது வேர். உணவு சேர்த்துப் பருத்த வேர். ஒரு கிழங்கைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். வெளியே காகிதம் போல் மெல்லிய பழுப்புத் தோல். அதற்குள் வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ தடித்த பட்டை. கத்தி நுனியால் நெம்பினால் இந்தப் பட்டை வழுக்கிக்கொண்டு முழுசாகக் கழன்று வருகிறதே, அந்தப் பிரிகிற இடத்தில்தான் கேம்பியம் என்ற வளர் அடுக்கு இருக்கிறது. பட்டைப்பக்கம் ஃபுளோயம், அதாவது உணவைக் கடத்தும் திசு. உள்ளே நாம் தின்னும் மாவுப்பகுதி முழுக்க நீரைக் கடத்தும் திசுவான சைலத்தைச் சேர்ந்தது. வேக வைத்த பிறகு நடுவில் உருவி எறிகிற நார், முதலில் உண்டான சைலக் குழாய்கள்.

கேரட்டில் கதை தலைகீழ். அங்கே சுற்றியுள்ள அடர் ஆரஞ்சுப் பகுதி ஃபுளோயம் சார்ந்தது, நடுத்தண்டு போலத் தெரிவது சைலம். பீட்ரூட்டில் தெரியும் வளையங்கள் ஒன்றுக்கு வெளியே ஒன்றாகப் பல கேம்பியங்கள் உண்டானதால் வந்தவை. மூன்றும் சேமிப்பு வேர்தான், மூன்றும் வேறு வேறு வழியில் பருத்தவை.

மரச்சீனி வேருக்குக் கணுவும் இல்லை, மொட்டும் இல்லை. அதனால்தான் கிழங்கை நட்டால் முளைப்பதில்லை, கம்பை நடுகிறோம். 15 முதல் 20 செ.மீ. நீளம், 8 முதல் 10 கணு, அடி வெட்டு வட்டமாக, நார் கிழியாமல் இருக்க வேண்டும். அடி வெட்டில் ஆறுதிசு (காயத்தை மூடும் திசு) கட்டி அதைச் சுற்றி வேர் வருகிறது. மண்ணுக்குள் போன கணுக்களிலும் வேர் வரும். வெட்டு ஒருபக்கம் சரிந்தோ பிளந்தோ இருந்தால் வேர் ஒரு பக்கமாகவே கட்டும், கிழங்கும் அப்படித்தான் விளையும். கம்பைத் தலைகீழாக நட்டுவிடுவது இன்னொரு பொதுத் தவறு. மொட்டு மேல்நோக்கி இருக்கிறதா என்று பார்த்து நடுங்கள்.

ஆணிவேர், சல்லிவேர்: வித்தியாசம் என்ன, எதற்கு அது முக்கியம்?

விதையின் முளைவேர் அப்படியே நிலைத்துத் தடித்து, பக்கத்தில் கிளைவேர் விட்டால் அது ஆணிவேர்த் தொகுப்பு. சக்கை, மா, புளி, ரப்பர், பயறு இப்படி. இவை இருவித்திலைத் தாவரங்கள். முளைவேர் சீக்கிரமே நின்றுபோய், தண்டின் அடியிலிருந்து ஒரே பருமனில் ஏராளமான வேர்கள் கிளம்பினால் அது சல்லிவேர்த் தொகுப்பு. நெல், தென்னை, வாழை, கமுகு எல்லாம் இதில் அடங்கும். முளைவேரிலிருந்து வராமல் வேறு எந்த உறுப்பிலிருந்து கிளம்பினாலும் அதற்கு வேற்றிட வேர் என்று பெயர்.

முக்கியம் எங்கே என்றால், சக்கையின் ஆணிவேர் உடைந்தால் கன்று லேசில் தேறாது. தென்னங்கன்றைப் பிடுங்கி நடும்போது பழைய வேர் அறுந்தாலும் தண்டடியிலிருந்து புதிது வரும்.

வேர் நுனியில் என்னென்ன பகுதிகள்? கண்ணால் பார்க்க முடியுமா?

நுனியிலிருந்து மேலே: வேர்மூடி, செல் பகுப்பு மண்டலம், நீட்சி மண்டலம், முதிர்ச்சி மண்டலம். வேர்மூடி மண்ணில் உரசித் தேய்ந்துகொண்டே இருக்கும், உள்ளிருந்து புதிய செல்கள் வந்துகொண்டே இருக்கும். வழுவழுப்பான ஒரு சளியையும் அது சுரக்கும். மண்துகளுக்கு இடையில் நுனி வழுக்கிப் போவது அதனால்தான். வேர்த்தூவிகள் முதிர்ச்சி மண்டலத்தில் மட்டும் வரும்.

வேர் எந்த இடத்தில் நீளுகிறது என்பதை வீட்டிலேயே பார்க்கலாம். பெரும்பயறு அல்லது அவரை விதையை 8 மணி நேரம் ஊற வைத்து, ஈரத்துணியில் முளை கட்டுங்கள். முளைவேர் 2 செ.மீ. ஆனதும், நுனியிலிருந்து 1 மி.மீ. இடைவெளியில் பத்துக் கோடுகள் மையால் போடுங்கள். நூலை மையில் தோய்த்து ஒற்றினால் கோடு மெல்லியதாக விழும், பேனாவால் அழுத்தினால் வேர் நசுங்கும். விதையை ஒரு கண்ணாடித் தம்ளரின் உட்பக்கம் ஈர ஒற்றுத்தாளுக்கும் கண்ணாடிக்கும் நடுவே, வேர் கீழ்நோக்கி இருக்க நிறுத்தி, தம்ளரின் அடியில் இரண்டு விரல் தண்ணீர் விடுங்கள். மறுநாள் பார்த்தால் நுனியை ஒட்டிய சில கோடுகள் மட்டும் விலகிப் போயிருக்கும். மேலே உள்ளவை போட்ட இடைவெளியிலேயே நிற்கும். வேர் முழு நீளத்திலும் நீளுவதில்லை, நுனிக்குப் பின்னால் சில மில்லிமீட்டரில்தான் நீளுகிறது. மேலே தூவி முளைத்த பகுதியும் சேர்ந்து நகர்ந்தால் தூவியெல்லாம் மண்ணில் உரசி அறுந்துபோகும் அல்லவா.

கீழே எது என்று வேருக்கு எப்படித் தெரியும்?

மேலே சொன்ன தம்ளரைப் படுக்க வைத்துவிட்டு ஒரு நாள் கழித்துப் பாருங்கள், நுனி மட்டும் வளைந்து கீழே திரும்பியிருக்கும். வேர்மூடியின் நடுச் செல்களில் கனமான ஸ்டார்ச் மணிகள் இருக்கின்றன. வேர் சாய்ந்ததும் அவை புதிய அடிப்பக்கம் போய்ப் படியும். அதைத் தொடர்ந்து ஆக்சின் என்ற ஹார்மோன் அடிப்பக்கத்தில் கூடுகிறது. தண்டில் வளர்ச்சியைத் தூண்டும் அதே ஆக்சின், வேரில் அந்த அளவில் வளர்ச்சியைத் தடுக்கும். அடிப்பக்கம் மெதுவாகவும் மேல்பக்கம் வேகமாகவும் நீளுவதால் நுனி கீழே வளைகிறது. புவியீர்ப்பை உணருவது நுனிதான் என்று சார்லஸ் டார்வினும் மகன் பிரான்சிஸும் நுனியைச் சிதைத்துப் பார்த்து 1880-இலேயே எழுதினார்கள்.

தண்ணீர் உள்ளே போகும் வழி எது?

வேர்த்தூவி வழியாக. ஒவ்வொரு தூவியும் மேல்தோலின் ஒரே ஒரு செல் நீண்டு உண்டானது. கிளைவேர் அப்படியல்ல, அது உள்ளே, குழாய்த்திசுவைச் சுற்றியுள்ள பெரிசைக்கிள் அடுக்கில் பிறந்து, மேல்தோலுக்கு உள்ளே இருக்கும் புறணியைத் துளைத்துக்கொண்டு வெளியே வருவது. தேர்வில் இந்த இரண்டையும் குழப்புகிறவர்கள் நிறையப் பேர்.

தூவிகளின் அளவை நம்புவது கடினம். 1937-இல் டிட்மர் என்ற ஆய்வாளர் நான்கு மாதம் வளர்ந்த ஒரே ஒரு ரை தானியச் செடியின் வேரைக் கழுவி எடுத்து அளந்து கணக்கிட்டார். வேர்களின் மொத்த நீளம் ஏறத்தாழ 620 கி.மீ., தூவிகள் சுமார் 1,400 கோடி. தூவியின் ஆயுள் மிகக் குறைவு, பெரும்பாலும் நாள் கணக்கு, சில வாரம் இருந்தால் அதிகம். நாற்றைப் பிடுங்கி நட்டதும் வாடுவது ஏன் என்பதற்கும் பதில் இதுதான். தடித்த வேர் அப்படியே இருக்கிறது என்று நாம் நினைப்போம், உறிஞ்சுகிற தூவி அத்தனையும் மண்ணோடு போயிருக்கும். ஆகவே மாலையில் நடுங்கள், மண்ணோடு எடுங்கள், இலையைக் கொஞ்சம் குறையுங்கள்.

தூவியில் நுழைந்த நீர் புறணியைக் கடந்து, அதன் உள் எல்லையான அகத்தோலுக்கு வரும். அதுவரை செல்களுக்கு இடையிலுள்ள சுவர்கள் வழியாகவே நழுவி வந்துவிடலாம். அகத்தோலில் முடியாது. அங்கே ஒவ்வொரு செல்லையும் சுற்றி நீர் புகாத ஒரு பட்டை இருக்கிறது. அதை 1865-இல் விவரித்த ராபர்ட் காஸ்பேரியின் பெயரால் காஸ்பேரியன் பட்டை என்கிறோம். அங்கே வந்த நீரும் உப்பும் செல்லின் சவ்வைக் கடந்தே ஆக வேண்டும். எதை விடலாம், எதை நிறுத்தலாம் என்று சவ்வு தேர்ந்தெடுக்கிறது. களியக்காவிளை சோதனைச்சாவடி மாதிரி என்று மாணவர்களுக்குச் சொன்னால் சட்டென்று பிடிபடும். அதைத் தாண்டினால் சைலம், பிறகு மேலே இலை வரை.

அதிகாலையில் சேம்பு இலை நுனியில் நிற்கும் சொட்டு பனியா?

பெரும்பாலும் இல்லை. இரவில் இலைத்துளைகள் மூடியிருக்கும். வேர் அப்போதும் உப்புகளைச் சைலத்துக்குள் தள்ளுகிறது, அதைத் தொடர்ந்து நீரும் வருகிறது. அந்த வேர் அழுத்தம் நீரை மேலே தள்ளி இலை நுனியிலுள்ள நீர்த்துளை வழியாகச் சொட்ட வைக்கிறது. பனி இலைப்பரப்பு முழுக்கப் படியும். இது நுனியில் மட்டும் நிற்கும்.

வேரின் குறுக்குவெட்டு செய்முறையில் எங்கே தவறுகிறது?

முதல் தவறு வேரைத் தேர்ந்தெடுப்பதில். முற்றிய அவரை வேரை எடுத்தால் இரண்டாம்நிலை வளர்ச்சி வந்து, படத்தில் உள்ள அமைப்பே தெரியாது. முளைத்து ஒன்றிரண்டு வாரமான இளம் வேரை எடுங்கள். ஒருவித்திலைக்கு மக்காச்சோளம் நல்லது.

கேரட் துண்டை நீளவாக்கில் பிளந்து, வேரை நடுவில் செருகி, நனைந்த புதுப் பிளேடால் ஒரே இழுப்பில் சீவுங்கள். அறுக்கிற மாதிரி முன்னும் பின்னும் இழுத்தால் கிழியும். இருபது முப்பது சீவல்களை நீரில் விட்டு, கண்ணுக்கே தெரியாத அளவு மெல்லியதைத் தூரிகையால் எடுங்கள். சஃப்ரனின் என்ற சிவப்புச் சாயத்தில் ஒன்றிரண்டு நிமிடம், பிறகு சாயம் வெளுக்கும்வரை நீரில் கழுவல். ஒரு சொட்டு கிளிசரின் விட்டு, மூடுவில்லையை ஊசியால் தாங்கிச் சாய்வாக இறக்குங்கள். மேலிருந்து போட்டால் காற்றுக்குமிழ் வரும், குமிழைச் செல் என்று வரைந்து வைக்கிறவர்கள் உண்டு.

சைலம் சிவப்பாகத் தெரியும். சைலமும் ஃபுளோயமும் தனித்தனி ஆரங்களில் மாறி மாறி நிற்கும். முதலில் உண்டான சிறு சைலக் குழாய்கள் வெளிப்பக்கம் இருக்கும். இந்த இரண்டும் தெரிந்தால் வேர் என்று உறுதி. தண்டில் அவை ஒரே கற்றைக்குள் ஒன்றாக இருக்கும், சிறு குழாய்கள் உள்பக்கம் பார்க்கும். சைலக் கூறுகள் இரண்டு முதல் ஆறுவரை என்றால் பொதுவாக இருவித்திலை. அதைவிட அதிகமாக, நடுவில் பெரிய பித்தும் (மென்திசு மையமும்) இருந்தால் ஒருவித்திலை.

வாழை மூட்டில் ஒரு பிடி யூரியா போட்டேன், இரண்டு நாளில் வாடிவிட்டது. ஏன்?

மண்நீரில் உப்பு கூடினால் வேருக்குள் நீர் வராது, உள்ளிருக்கும் நீர் வெளியே போகும். மாங்காயில் உப்புப் போட்டதும் நீர் விடுகிறதே, அதேதான் வேரிலும் நடந்திருக்கிறது. உடனே நிறையத் தண்ணீர் விட்டு உப்பைக் கரைத்து இறக்குங்கள், நீர் வடிந்து போக வழியும் இருக்கட்டும். அடுத்த முறை உரத்தைப் பிரித்து, தண்டிலிருந்து ஒன்றரை அடியாவது தள்ளி, ஈர மண்ணில் வட்டமாகப் போட்டு மூடுங்கள். தண்டை ஒட்டிய இடத்தில் இருப்பது பழைய, தடித்த வேர். உறிஞ்சும் இளவேர் தள்ளித்தான் இருக்கிறது.

மழையில் தண்ணீர் தேங்கிய விளையில் வாழை வாடுகிறது. தண்ணீரில் நின்றும் வாடுமா?

வாடும். இதை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கே வேர் சாவதற்குப் பெரிய காரணம் இதுதான். ஆனியிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் இரண்டு மழை பெய்கிற ஊர் இது.

வேர் உயிருள்ளது, அது மூச்சு விட வேண்டும். உப்பை உள்ளே இழுக்கிற வேலைக்கு ஆற்றல் வேண்டும், அந்த ஆற்றல் சுவாசத்திலிருந்து வருகிறது. மண்துகள்களுக்கு இடையில் உள்ள காற்றிலிருந்துதான் வேர் ஆக்சிஜன் எடுக்கும். நீர் தேங்கினால் அந்த இடைவெளிகள் நிரம்பிவிடுகின்றன. நீரில் ஆக்சிஜன் பரவும் வேகம் காற்றில் பரவுவதைப் போல் ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒரு பங்கு. உள்ளிருந்த ஆக்சிஜனை வேரும் நுண்ணுயிரும் சீக்கிரமே தீர்த்துவிடும். பிறகு வேர்ச் செல்கள் நீர் விடும் வழிகளை மூடிக்கொள்ளும், நுனிகள் அழுகத் தொடங்கும். சுற்றிலும் நீர் இருக்க இலை வாடி மஞ்சளாவது இப்படித்தான். வாடுகிறதே என்று இன்னும் தண்ணீர் விடுகிறவர்கள் மிச்ச வேரையும் கொல்கிறார்கள்.

வாழைவேரில் பெரும்பகுதி மேல் மண்ணில்தான் இருக்கும், ஆழத்தில் தப்பிக்க வழியில்லை. வரிசைக்கு இடையில் வடிகால் வெட்டி, சானல் (கால்வாய்) பக்கமோ ஓடைப்பக்கமோ இறக்கிவிடுங்கள். நீர் வடிந்ததும் ஒரு வேரை இழுத்துப் பாருங்கள். வெளிர் நிறத்தில், ஒடித்தால் மொறுக்கென்று ஒடிந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாகி, புறணி சட்டை மாதிரி உருவி வந்து நடுநார் மட்டும் கையில் நின்றால் செத்துவிட்டது. உயிருள்ள கிழங்காக இருந்தால் புது வேர் விடும். அதுவரை உரம் வேண்டாம், மூட்டில் மண் அணைத்தால் போதும்.

நெல் மட்டும் எப்படி நிற்கிறது?

நெல்வேரின் புறணியில் செல்கள் அழிந்து நீளமான காற்றுக் குழாய்கள் உண்டாகின்றன. இலையிலிருந்து இறங்கும் ஆக்சிஜன் அதன் வழியே நுனிவரை போகிறது, கொஞ்சம் வெளியேயும் கசிகிறது. அந்தக் கசிவு மண்ணிலுள்ள இரும்பைத் துருவாக்கி வேர்மேல் படிய வைக்கும். நாஞ்சில் நாட்டு ஏலாவில் (வயல்வெளியில்) ஒரு மூட்டைப் பிடுங்கிக் கழுவிப் பாருங்கள். நல்ல வேர் நுனியில் வெள்ளையாகவும் மேலே செம்பழுப்பாகவும் இருக்கும். வேர் கறுத்து அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் மண்ணில் சல்ஃபைடு சேர்ந்திருக்கிறது. நீரை வடித்து, வயலைச் சில நாள் காய விட்டு, பிறகு நீர் கட்டுங்கள். மட்காத பசுந்தாளையோ வைக்கோலையோ போட்டு உடனே நட்ட வயலில் இது அதிகம் வரும்.

மணக்குடியில் சேற்றிலிருந்து பென்சில் மாதிரி மேலே நீட்டிக்கொண்டிருப்பவை என்ன?

பழையாறு கடலில் சேரும் மணக்குடிக் கழிமுகத்தில் அலையாத்திச் செடிகள் உண்டு. அவற்றில் சில, கிடைவேரிலிருந்து மேல்நோக்கிக் குச்சி குச்சியாகச் சுவாச வேர்களை அனுப்பும். அவற்றிலுள்ள துளைகள் வழியாகக் காற்று இறங்கும். சுரபுன்னை வகை, தண்டிலிருந்து வளைந்து இறங்கும் முட்டு வேர்களால் சேற்றில் நிற்கிறது, அந்த வேரிலும் காற்றுத் துளைகள் இருக்கின்றன. கடல்நீரின் உப்பில் பெரும்பகுதியை அது வேரிலேயே தடுத்துவிடும். அவற்றின் இடையே நடக்கும்போது குச்சிகளை மிதித்து ஒடிக்காதீர்கள், அது மரத்தின் மூக்கு.

தென்னைக்கு உரம் எங்கே போட வேண்டும்? வேர் வழியாக டானிக் கட்டுவது எப்படி?

தென்னைக்கு ஆணிவேர் இல்லை, வேர்த்தூவியும் இல்லை. தண்டின் அடிக்குமிழிலிருந்து ஆயிரக்கணக்கான வேர்கள், எல்லாம் ஏறக்குறைய ஒரே பருமனில். கேம்பியம் இல்லாததால் அவை வயதானாலும் தடிப்பதில்லை. உறிஞ்சுவது இளங்கிளை வேர்களின் நுனி. வேரின் மேல் வெள்ளையாகப் புடைத்துத் தெரியும் சிறு முளைகள் அதன் சுவாச உறுப்புகள். பயனுள்ள வேரில் பெரும்பகுதி மரத்திலிருந்து 2 மீட்டருக்குள் இருக்கும். எனவே 1.8 மீட்டர் ஆரத்தில் வட்டப்பாத்தி எடுத்து, உரத்தை அதற்குள் பரப்பி, மண்ணோடு கிளறி, நீர் விடுங்கள். மரத்தோடு ஒட்டிக் கொட்டுவது வீண்.

தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் தென்னை டானிக்கை 1 பங்குக்கு 4 பங்கு நீர் சேர்த்து, மரத்துக்கு 200 மி.லி. வீதம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கட்டலாம். மரத்திலிருந்து மூன்றடி தள்ளி மண்ணை மெதுவாகப் பறித்து, பென்சில் பருமனில், செம்பழுப்பு நிறத்தில், நுனிவரை உயிருள்ள ஒரு வேரைத் தேடுங்கள். கூரான கத்தியால் சரிவாக வெட்டி, மரத்தோடு சேர்ந்திருக்கும் பக்கத்து வெட்டு முனையை மருந்துப் பையின் அடிவரை நுழைத்து, வாயை நூலால் கட்டி, மண் தள்ளுங்கள். பெரும்பாலும் ஒரு நாளுக்குள் பை காலியாகும். காலியாகவில்லை என்றால் முற்றிக் கறுத்த வேரைப் பிடித்திருப்பீர்கள், அல்லது மழுங்கிய கத்தியால் குழாய்கள் நசுங்கியிருக்கும். வேறு வேரில் கட்டுங்கள். அதே வேரை மீண்டும் வெட்டிப் பார்ப்பதில் பயன் குறைவு.

கேரள வாடல் நோயை ‘வேர் வாடல்’ என்கிறார்கள். வேரில் மருந்து ஊற்றினால் தீருமா?

தீராது. பெயர்தான் தப்பான வழியில் கொண்டுபோகிறது. 1882-இல் திருவிதாங்கூரின் ஈராற்றுப்பேட்டைப் பகுதியில் வெள்ளத்துக்குப் பிறகு முதலில் கவனிக்கப்பட்ட இந்த நோய், இன்று எல்லை தாண்டி குமரி, தென்காசி, கம்பம், பொள்ளாச்சி வரை வந்திருக்கிறது. காரணம் பைட்டோபிளாஸ்மா என்ற நுண்ணுயிர். அது இருப்பது ஃபுளோயத்தில், பரப்புவது கண்ணாடி இறக்கைப் பூச்சியும் தத்துப்பூச்சியும். ஓலையின் கீற்றுகள் விலா எலும்பு மாதிரி உள்நோக்கி வளைவது முக்கிய அறிகுறி. வேர் அழுகல் அதோடு சேர்ந்து வருகிறது. உணவுக்குழாய் கெட்டால் வேருக்கு உணவு இறங்காதே.

மரம் உடனே சாகாது, காய்ப்பு குறைந்துகொண்டே வரும். முழுக்கக் குணமாக்கும் மருந்து கிடையாது. நோய் கடுமையான மரத்தை அகற்றுவது, மீதிக்குத் தொழுஉரமும் ஆண்டுக்கு அரைக் கிலோ மக்னீசியம் சல்ஃபேட்டும் கொடுத்துத் தேற்றுவது, வட்டப்பாத்தியில் பசுந்தாள் வளர்ப்பது, புதிதாக நடும்போது கல்பரக்ஷா, கல்பஸ்ரீ போன்ற தாங்கும் இரகங்களை எடுப்பது, இவைதான் வழி. வாடும் தென்னை என்றதும் வேரைத் தோண்டி மருந்து விற்கிறவர்களிடம் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

நல்லமிளகுக் கொடியின் வேர் மரத்திலிருந்து சத்தை உறிஞ்சுமா?

உறிஞ்சாது. கணுவில் வருபவை பற்று வேர்கள், பிடித்துக்கொள்ள மட்டுமே. உணவும் நீரும் மண்ணில் போன வேர் வழியாக வருகிறது. அதே கணு ஈர மண்ணைத் தொட்டால் உறிஞ்சும் வேர் விடும். பதியன் போடுவது இந்தக் குணத்தை வைத்துத்தான். நல்ல தாய்க்கொடியின் மூட்டிலிருந்து ஓடும் கொடிகளை மண்ணில் வேர் விடாதபடி ஒரு கம்பில் சுற்றி வைத்து, மாசி, பங்குனியில் இரண்டு மூன்று கணுத் துண்டுகளாக வெட்டுங்கள். இலையைக் காம்பு விட்டுக் கிள்ளிவிடுங்கள். வேர்விடத் தூண்டும் ஹார்மோனான ஐ.பி.ஏ. கரைசலில், 1,000 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 1,000 பங்கு) அளவில், 45 வினாடி நனைத்தால் வேர் நன்றாகக் கட்டும். பைக்கலவை: மண் 2 பங்கு, மணல் 1, தொழுஉரம் 1. ஒரு கணுவாவது மண்ணுக்குள் இருக்கட்டும். பையில் நீர் தேங்கினால் அழுகும், அடியில் துளை போட மறக்காதீர்கள்.

விழுதும் தாழை வேரும் ஒன்றா?

ஆலின் விழுது கிடைக்கிளையிலிருந்து இறங்கி மண்ணைத் தொட்டுத் தடித்துத் தூணாகும், அது தூண் வேர். ஹவுராவிலுள்ள பெரிய ஆலமரத்தின் அடிமரம் பூஞ்சை தாக்கி 1925-இல் அகற்றப்பட்டது. மரம் இன்றும் விழுதுகளின் மேல் நிற்கிறது. ஓடைக்கரைத் தாழையில் தண்டின் கீழ்க்கணுக்களிலிருந்து சரிவாக இறங்குபவை முட்டு வேர்கள். கரும்பிலும் சோளத்திலும் சின்ன அளவில் பார்க்கலாம்.

பயறு வேரில் உள்ள முடிச்சு நோயா?

முடிச்சை நகத்தால் கிள்ளிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் ரைசோபியம் பாக்டீரியா காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. அந்தச் சிவப்பு லெக்ஹீமோகுளோபின் என்ற நிறமி. பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் வேலை நின்றுவிட்டது. ரைசோபிய முடிச்சு வேரின் பக்கத்தில் ஒட்டியிருக்கும், விரலால் தள்ளினால் கழன்று வரும். நூற்புழு முடிச்சு அப்படி வராது, வேரே உருண்டு தடித்திருக்கும். அது நோய். ரப்பர் தோட்டத்தில் மூடுபயிராகப் படர விடும் பியூரேரியா, முக்குனா கொடிகளின் வேரிலும் இந்த நல்ல முடிச்சுகள் இருக்கின்றன.

விதையோடு ரைசோபியம் கலக்கும்போது ஆறிய கஞ்சியில் குழைத்து, நிழலில் கால் மணி முதல் அரை மணி நேரம் உலர்த்தி, உடனே விதைக்க வேண்டும். வெயிலில் காய வைத்தாலோ பூஞ்சைக்கொல்லியோடு கலந்தாலோ பாக்டீரியா செத்துவிடும். நம் செம்மண்ணில் பாஸ்பரசை இரும்பும் அலுமினியமும் பிடித்து வைத்துக்கொள்ளும். அங்கே வேரோடு கூட்டுச் சேரும் மைக்கோரைசா பூஞ்சையின் இழைகள் தூவி எட்டாத இடத்திலிருந்தும் அதைக் கொண்டுவந்து கொடுக்கும்.

மாமரத்தில் புல்லுருவி. இலையை வெட்டினால் போதுமா?

போதாது. அதன் உறிஞ்சு உறுப்பு கிளைக்குள் புகுந்து சைலத்தோடு இணைந்திருக்கும். பச்சை இலை இருப்பதால் உணவைத் தானே தயாரிக்கும், நீரும் உப்பும் மாமரத்தினுடையது. ஒட்டியிருக்கும் இடத்துக்கு ஒரு அடி கீழே கிளையோடு வெட்டுங்கள், புல்லுருவி காய்ப்பதற்கு முன்.

பையில் வளர்ந்த சக்கைக் கன்று, ரப்பர் கன்று வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

பையின் அடியை. வேர் பையின் அடியில் மோதி வட்டமாகச் சுற்றத் தொடங்கியிருந்தால், நட்ட பிறகும் அந்தச் சுருள் நிமிராது. மரம் தடிக்கத் தடிக்கச் சுருளும் தடித்துத் தன்னைத்தானே நெரிக்கும். ஆணிவேர் ஆழம் போகாத மரம் காற்றுக்கு நிற்காது. 2017 நவம்பர் 30-இல் ஒக்கி புயல் அடித்தபோது இந்த மாவட்டத்தில் எத்தனை ரப்பரும் வாழையும் சாய்ந்தன என்று எல்லோருக்கும் நினைவிருக்கும். அந்தக் காற்றில் நல்ல வேரும் தோற்றிருக்கலாம், நனைந்த மண் வேரைப் பிடிக்காது. ஆனால் சுருண்ட வேர் சாதாரணக் காற்றுக்கே சாயும்.

நடும்போது பையை முழுக்க அகற்றி, அடிச்சுருளை ஒரு அங்குலம் கத்தியால் நறுக்கி, பக்கவாட்டில் மூன்று நான்கு இடங்களில் மேலிருந்து கீழாகக் கீறிவிடுங்கள். ஆணிவேரே கயிறு மாதிரி இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தால் அந்தக் கன்றைத் திருப்பிக் கொடுங்கள். சக்கைக்கு எங்கள் பரிந்துரை, கொட்டையை நிற்க வேண்டிய இடத்திலேயே ஊன்றுவது. இரகம் மாறாமல் வேண்டும் என்றால் மட்டும் ஒட்டுக்கன்று.

பிடுங்கிய மரச்சீனி இரண்டு நாளில் உள்ளே கறுத்துவிடுகிறது, சேனை மாதக்கணக்கில் கிடக்கிறது. ஏன்?

சேனை அடுத்த பருவத்தில் முளைக்க வேண்டிய தண்டு. அதற்கு உறங்கும் காலம் உண்டு, தோலும் அதற்கேற்பக் கட்டியிருக்கும். மரச்சீனி வேர் முளைப்பதற்காக உண்டானதல்ல, தாய்ச்செடி பிறகு எடுத்துக்கொள்ளச் சேர்த்து வைத்த உணவு. செடியிலிருந்து பிரிந்ததும் வெட்டுக்காயம் வழியாகக் காற்று புகுந்து, இரண்டு மூன்று நாளில் சைலக் குழாய்களை ஒட்டி நீலக்கறுப்புக் கீற்றுகள் ஓடும். முதலில் இது கிருமியால் வருவதல்ல, ஆக்சிஜன் பட்டதால் செல்லுக்குள் நடக்கும் மாற்றம். கிருமி பிறகுதான் வரும்.

ஆகவே பிடுங்கும்போது கிழங்கின் கழுத்தில் ஒரு சாண் தண்டு விட்டு வெட்டுங்கள், காயம் கிழங்கில் விழாது. மண்வெட்டி பட்டதைத் தனியாக ஒதுக்கி அன்றே வேக வையுங்கள். மீதியை நிழலில் ஈர மணலிலோ ஈர மரத்தூளிலோ மூடி வைத்தால் சில நாள் கூடுதலாக நிற்கும். இல்லையென்றால் தோலுரித்து, பத்தை போட்டு, வெந்நீரில் வாட்டி உலர்த்துங்கள். சமைக்கும்போது தடித்த பட்டையை மிச்சம் வைக்காமல் உரித்து, மூடி போடாமல் நிறைய நீரில் வேக வைத்து, அந்த நீரைக் கொட்டிவிடுங்கள். வெட்டும்போது வெளிப்படும் சயனைடு நீரோடும் ஆவியோடும் போய்விடும். கசக்கிற வகையாக இருந்தால் முதல் கொதி நீரைக் கொட்டிவிட்டுப் புது நீர் ஊற்றி மறுபடி வேக வைக்க வேண்டும்.